வாயும் வயிறுமாக இருக்கும்போது வீட்டிலிருந்து வேலை: எதைக் கேட்பது, எப்போது கேட்பது

9-வது வாரம். பேருந்தில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை கைப்பையின் வாயை இறுக்கியிருக்கும். பைக்குள் நான்காக மடித்த பிளாஸ்டிக் கவர் மூன்று, எடுத்தவுடன் கையில் வருகிற மாதிரி மேலாகவே இருக்கும். பேருந்து நின்று கிளம்பும்போதெல்லாம் டீசல் வாடை உள்ளே அடிக்கும். அடுத்த நிறுத்தம் வரை தாங்காது என்று வயிறு சொல்லிவிடும். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வாய் கொப்பளித்து, நடந்தே அலுவலகம் போய்ச் சேர்வேன். மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போனால் அன்றைய வேலை ஒழுங்காகவே நடக்கும்.

என்னை வதைத்தது வழிதான் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. மேனேஜரிடம் போய், "வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா சார்?" என்று மொட்டையாகக் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். அந்தப் "பார்க்கலாம்" நாற்பது நாள் அப்படியே கிடந்தது. அவர் கெட்டவர் இல்லை. வாரத்தில் எத்தனை நாள், எந்தத் தேதி வரை, என் வேலையில் எது அலுவலகத்தில்தான் நடந்தாக வேண்டும் என்று நான் எதையுமே சொல்லவில்லை. சரி என்று சொல்லவும் முடியாது என்று சொல்லவும் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். "வீட்டிலிருந்து வேலை" என்று நாம் ஒரே பேரில் கேட்பதற்குள் நாலைந்து தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. உங்களுக்கு எது வலிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எது பொருந்தும் என்பது தெரியும்.

கேட்பதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எப்போது குமட்டியது, எங்கே தலை சுற்றியது, எந்த நேரத்தில் இடுப்பு கடுத்தது, எத்தனை தடவை கழிப்பறைக்கு ஓடினீர்கள், எந்த மணிக்குக் கண் தானாக மூடியது. போனிலேயே ஒரு வரி எழுதினால் போதும். வார முடிவில் பார்த்தால், பயணம், இருக்கை, நேரம், செய்யும் வேலையே என்ற நான்கில் ஏதோ ஒன்று மற்றவற்றைவிடத் தூக்கலாக நிற்கும்.

முழுக்க வீட்டிலிருந்தே

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது இதைத்தான். பயணம் அடியோடு இல்லை. மதியம் இருபது நிமிடம் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கலாம். வாந்தி வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். மசக்கை கடுமையாக இருப்பவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்கச் சொல்லப்பட்டவர்கள், போகவர மூன்று மணி நேரம் ஆகிறவர்கள் ஆகியோருக்கு இதுதான் சரி. அவர்கள் தயங்கவே வேண்டாம்.

மற்றவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். கர்ப்ப காலத்தில் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் இயல்பாகவே கூடும். நெடுநேரம் அசையாமல் உட்கார்வது அதை இன்னும் கூட்டும். அலுவலகத்தில் பிரிண்டருக்கு, மீட்டிங்குக்கு, தண்ணீர் பிடிக்க என்று உங்களை அறியாமலே எழுந்துகொண்டிருப்பீர்கள். வீட்டில் எழுப்ப ஆள் இல்லை. நானே ஒரு நாள் சாப்பாட்டு மேசை நாற்காலியில், லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவள் இரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். எழுந்து பார்த்தால் சாக்ஸின் ரப்பர் கணுக்காலில் ஒரு விரல் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. அன்று சாயங்காலமே காலுக்கு ஒரு சின்ன ஸ்டூல், முதுகுக்கு ஒரு தலையணை, போனில் மணிக்கு ஒரு அலாரம் என்று ஏற்பாடு செய்தேன். முழுக்க வீட்டிலிருந்து என்று முடிவெடுத்தால் நல்ல நாற்காலியையும் கோரிக்கையில் சேருங்கள். அலுவலகத்தில் உங்கள் பேரில் கிடக்கும் நாற்காலியை வீட்டுக்கு அனுப்பச் சொல்வது பெரிய கேட்பு ஒன்றும் இல்லை.

அப்புறம் இரண்டு விஷயம், உடம்போடு சம்பந்தப்படாதவை. வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் "வீட்டில்தானே இருக்கிறாய்" ஆகிவிடுவீர்கள். அலுவலக வேலை முடிந்த கையோடு வீட்டு வேலையும் உங்கள் தலையில் ஏறினால், மிச்சப்பட்ட பயண நேரம் எங்கே போயிற்று என்றே தெரியாது. வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இன்னொன்று, கண்ணில் படாத ஆளிடமிருந்து நல்ல வேலைகள் மெதுவாக நழுவும். கெட்ட எண்ணத்தால் அல்ல, "அவளுக்கு எதற்குச் சிரமம்" என்ற அக்கறையினால்கூட நழுவும். மாதம் ஒருமுறை உங்கள் கையில் என்னென்ன இருக்கிறது, என்ன முடித்தீர்கள் என்று நாலு வரி அனுப்பி வையுங்கள். ஆண்டு மதிப்பீட்டின்போது அது பேசும்.

தனியாக வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்கள், பகலில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கடுமையான தலைவலி, பார்வை மங்கல், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது வந்தாலும் மீட்டிங் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பாதி வீடு, பாதி அலுவலகம்

4-வது மாதத்திலிருந்து 7-வது மாதம் வரை பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மசக்கை பலருக்கு 6-வது வாரத்தில் ஆரம்பித்து, 9-வது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 14, 16-வது வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு 20 வரைகூட இழுக்கும். அது அடங்கியபின் உடம்பில் ஒரு தெம்பு வரும். அந்த மாதங்களில் வாரம் இரண்டு நாள் அலுவலகம் போவது மனதுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது. கேட்கும்போது அடுத்தடுத்த நாட்களாகக் கேட்காமல் இடைவெளி விட்டுக் கேளுங்கள். திங்கள், புதன், வெள்ளி வீடு என்றால் இரண்டு நாள் தொடர்ச்சியாகப் பயணமே இருக்காது. தொடர்ந்து இரண்டு நாள் அலைந்த அலுப்பு மூன்றாம் நாள்தான் தெரியும் என்பதை வயிறு பெரிதாக ஆக ஆக உணர்வீர்கள். டீம் முழுக்கக் கூடும் நாள் எதுவோ அது அலுவலக நாளாக இருக்கட்டும். மேனேஜருக்கு மறுக்க இருக்கும் முதல் காரணமே அதோடு போய்விடும்.

நேரத்தை மட்டும் மாற்றுவது

இதை ஏனோ யாரும் கேட்பதில்லை. நிறுவனத்துக்குச் செலவே இல்லாதது இதுதான், அதனால் சுலபமாகக் கிடைப்பதும் இதுதான். கூட்டம் குறைந்த நேரத்தில் போய், கூட்டம் குறைந்த நேரத்தில் திரும்பினால் உட்கார இடம் கிடைக்கும். என் 9-வது வாரத்துக்கு இதுவே போதுமாக இருந்திருக்கும். மசக்கை என்றாலே காலையில்தான் என்று நினைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு வருகிறேன் என்று கேட்டுவிடாதீர்கள். சிலருக்குச் சாயங்காலம்தான் புரட்டும். அந்த ஒரு வாரக் குறிப்பு இங்கேதான் உதவும். இடுப்பு எலும்பு வலியோ கால் வீக்கமோதான் முக்கியத் தொல்லை என்றால் நேர மாற்றம் பெரிதாக உதவாது.

வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர்கள்

செவிலியர், ஆய்வகத்தில் இருப்பவர், வகுப்பு எடுப்பவர், கவுன்டரில் நிற்பவர். "என் வேலையில் இதெல்லாம் நடக்காது" என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். முழு வேலையும் நகராது, உண்மைதான். ஆனால் அதில் ஒரு துண்டு நகரும். பதிவேடு, அட்டவணை போடுவது, விடைத்தாள் திருத்துவது, புதியவர்களுக்கான பயிற்சிக் குறிப்பு என்று நான்கு மாதத்துக்கு வாரம் ஒரு நாள் அளவுக்கு வேலை பெரும்பாலும் தேறும். மீதி நாட்களுக்கு நின்று செய்வதை உட்கார்ந்து செய்ய ஒரு உயர இருக்கை, பாரம் தூக்காமல் இருப்பது, இரவுப் பணியிலிருந்து விலக்கு, கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம் என்று கேட்கலாம்.

கதிர்வீச்சு, சில இரசாயனங்கள், தொற்று இருக்கும் இடம் என்றால் அது வசதிக்காகக் கேட்கும் விஷயமே கிடையாது. கருவுற்றது தெரிந்த உடனே சொல்லிவிட வேண்டும். 12 வாரம் ஆகட்டும் என்று பொத்தி வைக்கக் கூடாது. குழந்தையின் உறுப்புகள் உருவாவது அந்த வாரங்களில்தான்.

விடுப்பை முன்னாலேயே எடுப்பது

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். வீட்டிலிருந்து வேலை கேட்கப் போனவரை, "ஏம்மா கஷ்டப்படுறீங்க, லீவ் எடுத்துக்கோங்களேன்" என்று அன்பாகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேட்கக் கனிவாக இருக்கும். ஆனால் பேறுகால விடுப்பு அளவு போட்டுக் கொடுத்த சாமான். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தை கையில் வந்த பிறகு குறையும் ஒரு வாரம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் என்கிறது. இந்தியாவில் பேறுகால நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதுதான், எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 8 வாரமும் முன்னால் எடுத்தவருக்குப் பின்னால் 18 வாரம். கடைசிவரை வீட்டிலிருந்து வேலை பார்த்து, 2 வாரம் மட்டும் முன்னால் எடுத்தவருக்கு 24. அந்த ஆறு வார வித்தியாசம் என்னவென்று, நான்கு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 4 வாரத்துக்குள் கர்ப்பம் சார்ந்த காரணத்தால் உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுத்தால், பேறுகால விடுப்பு தானாகவே தொடங்கிவிடும்.

படுத்தே கிடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் விடுப்புதான், அதில் பேச்சே இல்லை. உட்கார்ந்து வேலை செய்ய முடியும், போகவரத்தான் முடியவில்லை என்றால் விடுப்பு உங்களுக்கான பதில் இல்லை.

சட்டங்களும் பல இடங்களில் இந்த வரிசையைத்தான் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வழிகாட்டல்படி, கர்ப்பிணிக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் முதலில் வேலைச் சூழலையோ நேரத்தையோ மாற்ற வேண்டும், அது முடியாவிட்டால் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், அதுவும் முடியாவிட்டால்தான் விடுப்பு. அமெரிக்காவில் கர்ப்பிணிப் பணியாளர்களுக்காக 2023 ஜூன் 27 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். வேறு நியாயமான ஏற்பாடு செய்ய முடியும்போது கர்ப்பிணியை விடுப்பில் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு பேசப் போவது நல்லது. 2017 திருத்தத்தில் வீட்டிலிருந்து வேலை என்று ஒரு பிரிவு வந்தது உண்மை. அது பேறுகால விடுப்பு முடிந்த பிறகான காலத்துக்கானது. அதுவும் வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டியது. கர்ப்ப காலத்துக்கு அந்தப் பிரிவைக் காட்டினால் எச்.ஆர். ஒரே வரியில் மறுத்துவிடுவார். மருத்துவக் காரணத்தை முன்னால் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

மருத்துவர் கடிதத்தில் இருக்கும் ஒரு வார்த்தை

"ஓய்வு தேவை" என்று எழுதி வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். எச்.ஆர். கண்ணில் அந்த வார்த்தைக்கு விடுப்பு என்று ஒரே பொருள்தான். மருத்துவரிடம் இரண்டு வாக்கியம் கேட்டு வாங்குங்கள்: எது கூடாது, எது செய்யலாம். "கர்ப்பகால வாந்தி, தலைச்சுற்றல் காரணமாக நெரிசலான பயணத்தைத் தவிர்க்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலையை, இடையிடையே எழுந்து நடக்கும் வசதியோடு முழு நேரமும் தொடரலாம். 6 வாரம் கழித்து மீண்டும் பார்க்கப்படும்." இந்த இரண்டாவது வாக்கியம்தான் உங்களை விடுப்பிலிருந்து காப்பாற்றி வேலையில் வைத்திருக்கிறது. மருத்துவருக்கு அவசரம். நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினால், சரியாக இருந்தால் அப்படியே எழுதித் தருவார்.

எப்போது சொல்வது

கருச்சிதைவு அபாயம் அதிகம் இருப்பது முதல் 12 வாரத்தில். அதனால் அதுவரை வெளியே சொல்லாமல் இருக்க விரும்புவது இயல்பு. ஆனால் மசக்கை உச்சத்தில் இருப்பதும் அதே வாரங்களில்தான். தெரியாமல் வைத்துக்கொண்டால் உதவி கிடைக்காது. சொன்னால், ஏதாவது ஆகிவிட்டால் அதையும் சொல்ல வேண்டி வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. "மருத்துவக் காரணம், நான்கு வாரம்" என்று மட்டும் சொல்லி நேர மாற்றத்தையோ இரண்டு நாள் வீட்டு வேலையையோ கேட்பது. குறுகிய காலத்துக்கு இது போதும். ஆனால் கர்ப்பிணி என்ற முறையில் வரும் பாதுகாப்பு பல இடங்களில் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிந்த நாளிலிருந்துதான் பலமாகிறது. ஆகவே தொல்லை கடுமையாக இருந்தால், மேனேஜர் அல்லது எச்.ஆர். இருவரில் நீங்கள் நம்பும் ஒருவரிடம், வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கேட்டுக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. தொல்லை இல்லாதவர்கள் 12 வாரம் தாண்டிச் சொல்லட்டும்.

7-வது மாதத்துக்கு வேண்டியதை 7-வது மாதத்தில் கேட்காதீர்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வேலை முறையை மாற்றக் கேட்கலாம். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் இதற்கான வழிகாட்டல் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நிறுவனம் பதில் சொல்ல இருக்கும் அவகாசம் 2 மாதம். 40 வாரக் கர்ப்பத்தில் 2 மாதம் என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். உடம்புக்கு ஆபத்து என்ற வழியில் கேட்பதானால் அதைத் தனியாக, அவசரமாகக் கேளுங்கள். பொதுவான விண்ணப்பத்தோடு கலந்து வரிசையில் நிற்க வைத்துவிடாதீர்கள்.

மறுத்தால்

"கொள்கை இடம் தரவில்லை" என்ற பதிலோடு எழுந்து வந்துவிட வேண்டாம். எந்தக் குறிப்பிட்ட வேலை நான் வீட்டில் இருந்தால் நின்றுபோகும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் சொல்வார்கள். அதற்கு மட்டும் வழி சொல்லலாம். பிறகு இரண்டு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேளுங்கள். நிரந்தரமாக ஒத்துக்கொள்ளப் பயப்படுகிறவர்கள்கூட இரண்டு வாரத்துக்குத் தலையாட்டுவார்கள். அதற்கும் முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. கிடைக்க வேண்டும் என்பதற்காக இரட்டிப்பு வேலை செய்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து பார்ப்பது அதே வேலை, அதே சம்பளம், அதே மணி நேரம்.

என் நாற்பது நாளுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 15-வது வாரம் வந்திருந்தது. வாந்தி குறைந்திருந்தது, போகவில்லை. புதிதாக இடுப்பு வலி சேர்ந்திருந்தது. மேனேஜரிடம் ஐந்து நிமிடம் நேரில் பேசிவிட்டு, அன்றே இதை மெயிலில் அனுப்பினேன்:

"வணக்கம் சார். காலையில் பேசியதை எழுதுகிறேன். நான் இப்போது 15 வாரக் கர்ப்பம். வாந்தியும் இடுப்பு வலியும் நெரிசலான பயணத்தில் அதிகமாகின்றன. மருத்துவர் கடிதம் இணைத்திருக்கிறேன். அடுத்த திங்கள் முதல் 31-வது வாரம் வரை திங்கள், புதன், வெள்ளி வீட்டிலிருந்தும், செவ்வாய், வியாழன் காலை பதினொரு மணி முதல் அலுவலகத்திலிருந்தும் வேலை பார்க்க அனுமதி வேண்டுகிறேன். 32-வது வாரம் முதல் விடுப்பு தொடங்கும் வரை முழுக்க வீட்டிலிருந்து. அலுவலகத்தில் மட்டுமே நடக்கும் கோப்புச் சரிபார்ப்பைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன். மற்ற எல்லா நாளும் வழக்கமான நேரத்தில் போனிலும் மெயிலிலும் இருப்பேன். 6 வாரம் கழித்து, எப்படிப் போகிறது என்று இருவரும் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம்."

சாயங்காலம் ஆறு மணிக்குப் பதில் வந்தது. "புதனுக்குப் பதில் வியாழன் வீட்டில் இருக்க முடியுமா? புதன்தான் ரிவ்யூ மீட்டிங். மற்றதெல்லாம் சரி. எச்.ஆருக்கும் அனுப்பிவிட்டேன்."